ஏரோப்ளேனுக்குச் சப்பாத்து மாட்டிய கதை

எங்கள் தோட்டத்துத் தகர வேலைக்காரர் பியதாச பாஸ் மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டைக் கிடத்தி, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஆங்கிலப் புத்தகத்தை விரித்து, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“முன்பக்கம் முட்டை மாதிரி உருண்டையா இருக்கணுமாம் பாஸ். பின்பக்கம் மீன் வால் மாதிரி ஒடுங்கிப் போகணுமாம்.”

சுத்தியல் நின்றது.

“என்ன மீன்?”

“மீன்னா... மீனுதான்.”

“தம்பி, நான் மாத்தறை ஆளு. கெளுத்தி வால் வேற, பாரை வால் வேற, சூரை வால் வேற. புத்தகத்தில என்ன மீன் போட்டிருக்கு? அதச் சரியா சொல்லுங்க.”

புத்தகத்தில் மீனே இல்லை. கண்ணீர்த் துளி போன்ற வடிவம் என்றுதான் இருந்தது. இவ்வளவு சந்தோஷமான வேலைக்கு நடுவில் கண்ணீர் எதற்கு என்று நான்தான் மீனாக்கியிருந்தேன்.

“சூரை,” என்றேன் துணிந்து.

“ஹரி!” என்று சிங்களத்தில் சரி சொன்னார் பாஸ். அதன் பிறகு அவர் அடித்த அடியில் ஒரு தெளிவு வந்துவிட்டது.

தொழிற்சாலை ஸ்டோரில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மூட்டையும் ஆணியும் எண்ணும் வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்த சில மாதங்களில் ஓர் ஏரோப்ளேனின் சக்கரத்துக்கு உறை செய்ய உட்காருவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவருக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

தேயிலை மணக்கும் ஏரோப்ளேன்

எங்கள் தோட்டத்தில் இஞ்சின்களையும் தேயிலை அரைக்கும் ரோதைகளையும் பார்த்துக்கொண்டவர் ரோலண்ட் தொரை. பறங்கியர். ஆறடி உயரம், தொப்பியின் விளிம்பில் எப்போதும் எண்ணெய்க் கறை. கொட்டகலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் எந்தத் தோட்டத்து இஞ்சின் இருமினாலும் இவருக்குத்தான் ஆள் வரும்.

அவர் நான்கு வருஷமாகப் பழைய கொழுந்து வாட்டும் கொட்டகையில் ஒரு ஏரோப்ளேன் கட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த வரைபடங்கள், கொழும்பிலிருந்து ரயிலில் வந்த பழைய இஞ்சின், பியதாச பாஸின் கைகள். இவற்றைக் கொண்டு அது வளர்ந்தது.

இறக்கைக்கு நல்ல பலகை வரவழைத்தார். உட்காரும் இடத்துக்கும் தரைக்கும் மட்டும் தேயிலைப் பெட்டிப் பலகை. பின் இருக்கையின் முதுகில் எங்கள் தோட்டத்துப் பெயரும், ‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்ற ஆங்கில எழுத்தும் அப்படியே இருந்தன. அதற்குள் தலையை விட்டு மோந்தால் முதல் தரத் தேயிலை மணக்கும்.

நான் வேலைக்குச் சேருவதற்குள் அது பறந்தே விட்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே நீளமாக ஒரு பட்டனைப் புல்வெளி. அதில் ஓடி, தொரை மட்டும் தனியாக இரண்டு முறை போய் வந்திருந்தார். ஆனால் இரண்டாவது ஆளை ஏற்றினால் அது சோம்பியது. மலைமேல் காற்று மெலிசு என்பார் தொரை. எதிரே உள்ள மலையைத் தாண்டும் அளவுக்கு ஏற வேண்டுமானால், சக்கரத்தில் மோதித் தடுக்கும் காற்றை வழுக்கி ஓட வைக்க வேண்டும். அதற்குத்தான் காலுக்குச் சப்பாத்து போல சக்கரத்துக்கு மாட்டும் இந்த உறைகள்.

ஒருநாள் அவர் புத்தகத்தை என் கையில் வைத்தார்.

“நீ படிக்கிறது. பாஸ் அடிக்கிறது. ரெண்டு சப்பாத்தும் சரியா மாட்டி, கொழும்பு ஆளு வந்து சரின்னு சொன்னா, மாட்டின ஆளுக்குத்தான் பின் சீட்டு. மொதல் சவாரி. வெளங்குதா?”

விளங்கியது. அன்று மாலை எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு நான் நடந்து போனதாக நினைவில்லை.

எங்களுக்கு முன்னால் அதற்கு

சப்பாத்து என்ற பெயரை வைத்தது தொரை, பரப்பியது தோட்டம்.

“நமக்கே காலுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குச் சப்பாத்தாம்ல!” என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் சிரித்தார்கள். “சப்பாத்துக்குள்ள போட மேசு உண்டாடா தம்பி?” என்று ஒரு அக்கா என்னைக் கேட்டது.

எங்கள் குடும்பத்தில் முதலில் சப்பாத்து போட்டவன் நான். ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தபோது வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து வேண்டும் என்றார்கள். வாங்கியாகிவிட்டது. ஆனால் லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை சேறு. அதனால் இரண்டையும் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். பள்ளிக்கூட வாசலில் காலைக் கழுவி மாட்டுவேன். மாலையில் வாசலிலேயே கழற்றிவிடுவேன். ஒரு வருஷம் கழித்தும் அதன் அடிப்பாகம் புதிதாக இருந்தது. கயிறுதான் நைந்துபோனது.

அந்தச் சப்பாத்தைப் பார்த்து அதிகம் சிரித்தவன் மாரிமுத்து. என் மாமன் மகன், எனக்கு ஒரு வயது மூத்தவன். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது அவன் கான் வெட்டப் போனான். மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் தேயிலை மலைக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். என்னைப் பார்த்தாலே அவன் மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, “கிளாக்கர் ஐயா, சலாமுங்க,” என்பான். அதில் பாதி பாசம், பாதி கேலி. எந்தப் பாதி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

சவர்க்காரம் கருகும் வாசம்

அலுமினியத்தை அடித்தால் அது கோபித்துக்கொண்டு விறைத்துவிடும். மேலும் அடித்தால் வெடிக்கும். அதைச் சமாதானப்படுத்த ஒரு வழி புத்தகத்தில் இருந்தது. தகட்டின் மேல் சவர்க்காரத்தைத் தடவிச் சூடு காட்ட வேண்டும். சவர்க்காரம் கறுத்ததும் சூட்டை நிறுத்த வேண்டும். ஆறியதும் தகடு மெத்தென்று ஆகிவிடும்.

நான் இதைப் படித்துச் சொன்னதும் பாஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“குளிப்பாட்டணுமா?”

“சத்தியமா அப்படித்தான் போட்டிருக்கு பாஸ்.”

குளிப்பாட்டினோம். கறுத்தது. ஆறியதும் பாஸ் பெருவிரலால் அழுத்தினார். தகடு குழைந்து கொடுத்தது. “அப்பே!” என்று வாயைப் பிளந்தவர், அன்று முழுக்க யார் கொட்டகைக்கு வந்தாலும் கையைப் பிடித்து இழுத்து வந்து தகட்டைத் தடவச் சொன்னார்.

நான்கு பாதிகள் அடித்து, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தறைந்து, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து முடித்தபோது இரண்டு சூரை மீன்கள் பளபளவென்று கிடந்தன. நான் ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது. அதன் வயிற்றில் என் முகம் அகலமாக, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் காதோடு நான் வானத்தில் போகப்போகிறேன் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பாஸும் சிரித்தார். எதற்கு என்று கேட்காமலே சிரிக்கக்கூடியவர் அவர்.

மச்சானின் பலகை

வியாழக்கிழமை தொரை கொழும்புக்குப் புறப்பட்டார். சனிக்கிழமை விமானப் பரிசோதகரோடு வருவதாக ஏற்பாடு. போகுமுன் ஏரோப்ளேனின் வாலைப் பெட்டிகளின் மேல் ஏற்றி, ஆப்பு வைத்து, பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி மட்டமாக நிறுத்தினார்.

“இத யாரும் தொடக்கூடாது. சப்பாத்து மூக்குலேருந்து வாலுக்கு ஒரு கோடு போடு. கோடு மட்டமா இருக்கணும். மட்டம் இல்லாட்டி காத்து தடுக்கும், ரெண்டு ஆளு ஏற முடியாது. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ரசமட்டத்தை எடுத்து உறையின் முதுகில் வைத்தேன். அது உருண்டையான முதுகு. ரசமட்டம் வழுக்கி, சிமெந்துத் தரையில் விழுந்து, கண்ணாடிக் குழாய் உடைந்து, உள்ளே இருந்த குமிழி எங்கேயோ போய்விட்டது.

பாஸ் உடைந்த குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் பார்க்கல்ல,” என்றார்.

தோட்டத்தில் குமிழிக் குழாய் பதித்த இன்னொரு சாமான் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓடினேன். மாரிமுத்து மலைச்சரிவில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். பக்கத்தில் அவனுடைய கான் பலகை. ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், இரண்டு முனையிலும் மரக் கால், நடுவில் குமிழி.

“மச்சான், இத ரெண்டு நாளைக்குக் குடுடா.”

“எதுக்கு?”

“மட்டம் பார்க்க.”

“எதுக்கு மட்டம் பார்க்க?”

“அதெல்லாம் ஒனக்கு வெளங்காதுடா. இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கு.”

அவன் வெற்றிலையை ஓரமாகத் துப்பினான். “சரிங்க கிளாக்கர் ஐயா. எனக்குத்தான் வெளங்காது, என் பலகைக்கு வெளங்குமாக்கும். எடுத்துட்டுப் போ. மழை வரும் போல இருக்கு, நாளைக்கு எப்படியும் வேலை இல்ல. சனிக்கெழம காலையில எனக்குத் திரும்ப வேணும்.”

பலகையின் இரண்டு கால்களும் உறையின் மூக்குக்கும் வாலுக்கும் அளவெடுத்தாற்போலப் பொருந்தின. நானும் பாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாமியே அனுப்பிய பலகை! அவர் உறையைப் பிடிக்க, நான் கால்களைச் சுண்ணக்கட்டிக் கோட்டின் மேல் வைத்துக் குமிழியைப் பார்த்தேன். “கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சம்... நிப்பாட்டுங்க!” குமிழி நடுவில் நின்றது. துளை போட்டோம். முடுக்கினோம். மற்றப் பக்கம் போனோம். அங்கேயும் குமிழி நடுவில் நின்றது.

வெள்ளிக்கிழமை மழையில் கொட்டகைத் தகரம் அதிர, நாங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு சப்பாத்தைப் பார்த்தோம். அன்றைக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததாக நினைவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “நாளைக்குச் சாயந்தரம் மேல பாரு, நான் போவேன்,” என்றேன். அம்மா அரிசி களைந்த கையோடு பக்கத்து வீட்டுக்குப் போனது. அரை மணி நேரத்தில் லயம் பூராவுக்கும் தெரிந்துவிட்டது.

தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?

சனிக்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு கலைந்ததும் மாரிமுத்து பலகைக்காக வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். ஏரோப்ளேனை நேர் முன்னால் நின்று பார்த்தான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினான்.

அழகில் மயங்கிவிட்டான் என்று நான் நினைத்தேன்.

“எப்படிடா இருக்கு?”

“நல்லா இருக்கு மச்சான். ஒரு சந்தேகம். மழை பேஞ்சா, இந்தச் சப்பாத்துல தண்ணி பின்னால ஓடும். அந்தச் சப்பாத்துல முன்னால ஓடும். அப்படித்தான் புத்தகத்துல போட்டிருக்கா?”

“என்னடா ஒளர்ற?”

“ஒண்ணு வானத்தப் பார்க்குது. ஒண்ணு கெழங்கு தோண்டுது. வந்து பாரு.”

உட்கார்ந்து பார்த்தேன். இடது சப்பாத்தின் மூக்கு மேலே. வலது சப்பாத்தின் மூக்கு கீழே. இரண்டு விரல்கடை வித்தியாசம். ஒரு தடவை கண்ணில் பட்ட பிறகு அது மறையவே இல்லை. ஏரோப்ளேன் தாளம் தப்பி ஆடும் ஒருவனைப் போல நின்றது.

“இருக்காது! ஒன் பலகைய வச்சுத்தானே பார்த்தேன். ரெண்டு பக்கமும் குமிழி நடுவுல நின்னுச்சு!”

மாரிமுத்து என்னைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். அப்புறம் அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தைச் சிரிப்பு என்று சொல்வது குறைவு. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, வழுக்கி, தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“அடப்பாவி, அது கான் பலகைடா! ஒரு காலு ஒரு வெரல் கட்டையா இருக்கும். மட்டமா வெட்டுனா கான்ல தண்ணி எப்படி ஓடும்? குமிழி நடுவுல நின்னா தரை சரியுதுன்னு அர்த்தம்டா!”

எனக்கு மெதுவாக விளங்கியது. இரண்டு பக்கமும் நான் வெளியே நின்று, பலகையை ஒரே கைவாக்கில் பிடித்திருக்கிறேன். கட்டைக் கால் இடது பக்கத்தில் மூக்குக்கு வந்தது. வலது பக்கத்தில் வாலுக்குப் போய்விட்டது. கான் வெட்டும் எவனும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். இந்த மலையில் பிறந்து, ஒரு நாளும் கான் வெட்டப் போகாமல் பள்ளிக்கூடம் போன ஒருவன்தான் செய்ய முடியும். தோட்டத்தில் அப்படி இருந்தவன் நான் ஒருவன்தான்.

“ஏன்டா அன்னிக்கே சொல்லல?”

“எனக்குத்தான் வெளங்காதே.”

பாஸ் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். பரிசோதகர் வரும் ரயிலுக்கு மூன்று மணி நேரம். பின் சீட்டு என் கண்ணெதிரே தேயிலை மணத்தோடு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

“மச்சான், வேற மட்டம் இல்லடா. என்ன பண்றது?”

மாரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “நாங்க ரோட்டுக்கு மட்டம் பார்க்கிறதும் இதே பலகையிலதான். ஒரு தரம் இப்படி வை, குறி போடு. திருப்பி ஒரு தரம் வை, குறி போடு. ரெண்டுக்கும் நடுவுல கோடு. அதான் மட்டம். தள்ளு.”

தள்ளிக்கொண்டேன். அவன் குறி போட்டான். பாஸ் வட்ட அரத்தால் துளைகளை நீளமாக ராவினார். நான் ஸ்டோருக்கு ஓடி, நீண்ட துளையை மறைக்க அகலமான வாசர்கள் கொண்டுவந்தேன். சப்பாத்தைச் சாய்த்து, குறியில் நிறுத்தி, முடுக்கி, டயருக்கும் உறைக்கும் நடுவில் விரல் போகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, மூவரும் நிமிர்ந்தபோது தொரையின் கார் ஹாரன் கேட்டது.

நீண்ட துளை

பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர். வணக்கம் சொன்னதற்குக்கூட ஏரோப்ளேனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். சக்கரத்தைச் சுழற்றினார். முன்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடினார். பிறகு குனிந்து ஒரு வாசரை நகத்தால் தட்டினார்.

“இதென்ன, ஓட்டையள் நீண்டு கிடக்கு? ஆர் தம்பி இது செய்தது?”

தொரை என்னைப் பார்த்தார். “இவன்தான். இங்கிலீஷ் படிச்ச பையன்.”

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பிறகு ஏற்றி இறக்கி சரி செய்ய வசதியாக வைத்தோம் என்று சொல்லலாம். நல்ல பதில். கெட்டிக்காரத்தனமான பதில். பாஸ்கூட அதற்கு முன்கூட்டியே தலையாட்டத் தயாராக நின்றார். மாரிமுத்து வாசலில் பலகையோடு நின்று, தொரைமார் முன்னால் வந்துவிட்டோமே என்று கூச்சத்தில் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலை முழுக்க என்னை “தள்ளு” என்று சொன்னவன், இப்போது நான் எது சொன்னாலும் பேசாமல் நிற்பான் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

“நான் பிழையா மாட்டிட்டேங்க. கான் பலகைய வச்சு மட்டம் பார்த்துட்டேன். அவரு வந்து கண்டுபிடிச்சுச் சரியா மட்டம் எடுத்தாரு. மாரிமுத்து. அவருதான் எடுத்தாரு.”

கான் பலகை என்றால் என்ன என்று தொரை கேட்டார். சொன்னேன். கட்டைக் காலைச் சொன்னதும் தொரைக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. பரிசோதகர் பலகையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிழை விட்டுத் திருத்தினது எண்டால் பறவாயில்லை. பிழையே விடேல்லை எண்டு சொல்லுறவன்ரை பிளேனிலைதான் நான் ஏறமாட்டன்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “ரெண்டு பேர் போகலாம்.”

தொரை தொப்பியைக் கழற்றி மாட்டினார். “நான் சொன்னது சொன்னதுதான். சப்பாத்து சரியா மாட்டின ஆளு, மொதல் சவாரி.” விரல் மாரிமுத்துவைக் காட்டியது. “நீ அடுத்தது,” என்று என் தோளைத் தட்டினார்.

எனக்கு உள்ளே என்னவோ இறங்கியது. ஆனால் மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவு பயந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை.

“தொரை, எனக்கு வேணாங்க. நான் மண்ணுல நிக்கிறவங்க. கிளாக்கர் தம்பியே போகட்டுங்க.”

“ஏறு, ஏறு!”

தொரை சொன்னால் ஏறாமல் முடியுமா? ஏறினான். பட்டியைக் கட்டும்போது என் காதில், “மச்சான், நான் செத்தா ஒன்ன விடமாட்டேன்டா,” என்றான்.

இரண்டு சுற்று

இஞ்சின் கத்தியது. புல் படுத்தது. ஏரோப்ளேன் ஓட, நானும் பக்கத்தில் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. பாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் ஓடிவந்தார். ஈரப் புல்லில் இரண்டு சூரை மீன்கள் பளீர் பளீரென்று பாய்ந்தன. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், அப்புறம் சப்பாத்துக்கும் புல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

“போயிருச்சு! போயிருச்சு!” என்று நான் கத்தினேன். பாஸ் சிங்களத்தில் கத்தினார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் விழுந்தோம். பரிசோதகர்கூடக் கைதட்டினார் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த நிமிஷத்தில் பின் சீட்டில் இருப்பது யார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எதிரே இருந்த மலையை அது தாண்டியது. சுற்றி வந்து இறங்கியது. நான் சேற்றைத் துடைத்துக்கொண்டு ஓடினேன், என் முறை.

மாரிமுத்து இறங்கவில்லை.

“தொரை! இன்னொரு ரவுண்டுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தான். தொரைக்கும் அன்று தலைகால் தெரியாத சந்தோஷம். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார்: இன்னும் ஒன்று, அப்புறம் நீ. மறுபடி ஓடி மறுபடி எழும்பியது. இந்த முறை அவன் வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டு போனான்.

அது திரும்பி வரும்போது அதன் வாலைத் துரத்திக்கொண்டு மூடுபனியும் வந்தது. இறங்கி நின்ற பத்து நிமிஷத்தில் புல்வெளியின் மறுகோடி தெரியவில்லை. தொரை வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இன்னிக்கு இல்ல.”

மறுநாள் மழை தொடங்கியது. விடவே இல்லை. மழை ஓய்வதற்குள் தொரையின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. இறக்கையைக் கழற்றி ஏரோப்ளேனை லாரியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயம் நான் ஸ்டோரில் ஆணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நம்பர் மலை

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. சப்பாத்துக்குள் அடைத்திருந்த புல்லையும் சேற்றையும் எடுக்க நான் சக்கரத்தடியில் படுத்திருந்தேன். மாரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். நிறுத்தவே இல்லை.

“ஏன்டா ரெண்டாவது ரவுண்டு கேட்ட? என் ரவுண்டுடா அது!”

“கோவிச்சுக்காத மச்சான். மொத ரவுண்டுல நான் கண்ணே தொறக்கல. எறங்கினப்புறம்தான் உசிரு இருக்குன்னு தெரிஞ்சுச்சு. பார்க்காம எப்படிடா எறங்குறது?”

சேறு படிந்த புல்லை அவன் மேல் எறிந்தேன். அவன் துடைக்கக்கூட இல்லை.

“லயம் எல்லாம் தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. அஞ்சாம் நம்பர்ல ஒரு கான் கோணல்டா. நான் வெட்டுனதுதான். கீழ நின்னா தெரியவே இல்ல...” சட்டென்று குரல் மாறியது. “மச்சான், ஏழாம் நம்பர்ல கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தாங்க. அத்தை கூடைய எறக்கி வச்சுட்டு, தலையில இருந்த கொங்காணித் துணிய உருவி ஆட்டுச்சு. தலைக்கு மேல, ரெண்டு கையாலயும். நீன்னு நெனச்சுத்தான்.”

நான் சக்கரத்தடியிலிருந்து தலையை வெளியே நீட்டினேன்.

“நீ என்னடா பண்ண?”

“ஆட்டினேன். வேற என்ன பண்றது? நீ ஆட்டுனா எப்படி ஆட்டுவியோ அப்படி ஆட்டினேன்.”

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றது. கையில் இன்னும் கொழுந்துச் சாயம்.

“பார்த்தேன் கண்ணு! நீ கைய ஆட்டுனது நல்லாத் தெரிஞ்சுச்சு. நான் ஆட்டுனது தெரிஞ்சுச்சா?”

பின்னால் வந்த மாரிமுத்து என் முதுகில் கிள்ளினான். “அத்தைகிட்ட சொல்லிராத,” என்று கிசுகிசுத்தான். “கூடைய எறக்குனதுக்குக் கங்காணிகிட்ட ஏச்சு வாங்கியிருக்கு. எனக்காக வாங்குனதுன்னு தெரிஞ்சா என்னக் கொன்னுரும்.”

“தெரிஞ்சுச்சும்மா,” என்றேன். “கொங்காணிய உருவி ஆட்டுன.”

பரிசோதகர் முன்னால் உண்மை சொன்னவன் அம்மா முன்னால் சொன்ன பதில் அது. அன்றிலிருந்து தோட்டத்தில் புதிதாக யார் வந்தாலும், என் மகன் ஏரோப்ளேனில் போய் எனக்குக் கை ஆட்டினான் என்று அம்மா சொல்லும். மாரிமுத்து பக்கத்தில் இருந்தால், “ஆமா, நானும் பார்த்தேன்,” என்பான்.

இந்தப் பத்திரிகை வந்ததும் என் பகுதியை முதலில் வாசித்துக் காட்டச் சொல்லி அம்மா குப்பி விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எனக்குத் தெரியும். எனவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் படித்த கதை இதுதான். எங்கள் வீட்டில் வாசிக்கும்போது மட்டும், முதல் சுற்று முடிந்ததும் மாரிமுத்து மரியாதையாக இறங்கிக்கொள்வான், நான் ஏறிக்கொள்வேன்.